குடிக்காதவரின் ஈரல்

மச்சான்,

சொல்லவே கூச்சமாக இருக்கிறது. போன வாரம் மதுரை ஆஸ்பத்திரியில் பரிசோதனைக்கு ரத்தம் எடுத்தார்கள். நான் அந்த நர்சம்மா மேலேயே மயங்கிச் சாய்ந்துவிட்டேன். கண் விழித்தபோது மூக்கருகே ஸ்பிரிட் பஞ்சு. அந்த வாசனையோடு நீங்களும் நினைவில் வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டீர்கள்.

பல வருடங்களுக்கு முன், அரசாங்கம் சாராயக் கடைகளைத் திறந்துவிட்ட காலம் அது. பசியில்லை, உடம்பெல்லாம் அசதி என்றீர்கள். அக்காவும் நானும் உங்களை இதே ஆஸ்பத்திரிக்குக் கூட்டி வந்தோம். என்னவோ என்சைமாம், ஈரலுக்குள் இருக்க வேண்டியது ரத்தத்தில் கசிந்து கூடியிருக்கிறது என்றார் சின்ன டாக்டர். கையோடு, "எத்தனை வருஷமாக் குடிக்கிறீங்க?" என்று கேட்டும் விட்டார்.

மோரைத் தவிர எதையும் குடித்தறியாத மனுஷர் நீங்கள். சொந்தத்தில் எந்தக் கல்யாணமானாலும் பந்தி விசாரணை உங்கள் பொறுப்பு. கவுனரிசி இனிப்பு பதமாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு கிண்ணம். சரியாகப் பார்க்கவில்லை என்று இன்னொரு கிண்ணம். தொந்தியைத் தடவிக்கொண்டு, "இது நம்ம வசதிக்கு அடையாளம் மாப்ளே" என்பீர்கள்.

அக்கா டாக்டரை நம்பிவிட்டாள். திரும்பும்போது பஸ் ஒக்கூரைத் தாண்டியதும் தொடங்கினாள்.

"கடை தொறந்ததுல இருந்து வயக்காட்டுல ஒங்களுக்கு வேலை கூடிப்போச்சேன்னு நெனச்சேன். இதுதானா அந்த வேலை?"

"அடியே, நான் தொட்டதுகூட இல்லடி."

"அப்ப ஈரல் பொய் சொல்லுதாக்கும்? சூடத்த அணைச்சுச் சத்தியம் பண்ணுங்க, நம்புறேன்."

எனக்கு வாய் சும்மா இருக்குமா? "அக்கா, மச்சான் உள்ள போகணும்னா கடை வாசலையே இடிச்சு அகலப்படுத்தணும்" என்றேன். பஸ்ஸே சிரித்தது. நீங்கள் சிரிக்கவில்லை. உங்களுக்கு ஈரல்கூடப் பெரிதாகப் படவில்லை. இத்தனை காலம் கூட வாழ்ந்தவள் நம்பவில்லையே என்பதுதான் வலித்தது.

மறுநாள் நாட்டரசன்கோட்டையில் அம்மன் முன்னால் எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அணைத்தீர்கள். கை கொப்பளித்தது. அக்கா வெண்ணெய் தடவினாள். ஆனால் பாதிதான் நம்பினாள். ஈரல் கெட்டால் ஈரலைத்தான் தின்ன வேண்டும் என்று ஞாயிறுதோறும் ஆட்டு ஈரலை மிளகு போட்டு வறுத்து, திட்டிக்கொண்டே பரிமாறினாள். உங்களுக்கு எடைதான் ஏறியது.

அடுத்த முறை பெரிய டாக்டர் பொறுமையாக எல்லாம் விசாரித்தார்.

"குடி ஒண்ணுதான் காரணம்னு யாரும்மா சொன்னா? தொந்தி, சர்க்கரை வியாதி, காமாலை, தானா வாங்கிப் போடுற வலி மாத்திரை, நாட்டு மருந்து, எதுனாலயும் இந்த என்சைம் ஏறலாம். இவருக்குச் சர்க்கரையும் இருக்கு, தொந்தியும் இருக்கு."

"அப்ப இவுக குடிக்கலைன்னு ரத்தம் சொல்லுதா?"

"ரத்தம் அதைச் சொல்லாதும்மா. அவரைத்தான் கேக்கணும்."

அக்கா உங்கள் கையை இழுத்து, விரித்து, தழும்பைப் பார்த்தாள். "கேட்டாச்சு டாக்டர்" என்றாள்.

அதோடு பந்தி விசாரணை போயிற்று. விடிந்தால் சாக்கோட்டைச் சாலையில் நடை. "நடக்கிறது லேசு மாப்ளே, பணியாரக் கடையத் தாண்டி நடக்கிறதுதான் கஷ்டம்" என்பீர்கள். உடம்பு இளைத்தது, அசதி போயிற்று. போன வருடம் வந்த விஷக் காய்ச்சல்தான் உங்களைக் கொண்டுபோய்விட்டது.

இப்போது எனக்கும் அந்த என்சைம் கூடுதலாம். டாக்டர் என் பக்கம் திரும்பி வாயைத் திறக்குமுன், "இவன் குடிக்க மாட்டான் டாக்டர். தொந்தியப் பாருங்க, அங்குட்டு இருக்கு காரணம்" என்றாள் அக்கா. கையைச் சுட்டுக்கொண்டு நீங்கள் வாங்கிய நம்பிக்கை மச்சான் அது. எனக்குச் சும்மா கிடைத்தது. அதைக் கெடுக்காமல் வைத்துக்கொள்ளவாவது இளைக்க வேண்டும் என்று இன்று காலை நடக்கக் கிளம்பினேன்.

பாதி வழியில் ஒரு மாட்டுவண்டிக்காரர், "ஏன் இப்பிடி மூச்சு வாங்குறீக? ஏறிக்கிருங்க" என்றார். ஏறினேன். அச்சு முறிந்தது. மிச்சத் தூரத்தை நானும் அவரும் மாடுகளும் நடந்தோம்.