வேம்படியில் ஏச்சு நேரம்

இன்று காலை விடுதிக் குசினிப் பக்கமிருந்து காய்ச்சலுக்குக் கொத்தமல்லி அவிக்கிற மணம் வந்தது. எனக்கு முதலில் வந்தது உன் நினைவல்ல, கோபம். உன் நினைவு அதற்குப் பின்னால் வந்தது. வந்து, கோபத்தை இன்னும் கூட்டிவிட்டது.

விஷயம் இதுதான். வளாகத்தில் மறுபடியும் காய்ச்சல். இந்தத் தடவை நுளம்பு கடித்து வருகிற காய்ச்சல். பிள்ளைகள் மூட்டு நோவில் படியிறங்க முடியாமல் கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார்கள். எழுதவேண்டிய சோதனை தள்ளிப்போகுமா, நடக்குமா என்று ஒருவரும் சொல்கிறார்களில்லை. இந்த நேரத்தில் மேலிடம் என்ன செய்திருக்கும் என்று நீயே சொல்லிவிடுவாய். ஓம், அதேதான். மன அழுத்த முகாமைத்துவம் பற்றி ஒரு கருத்தரங்கு. நடத்த வேண்டியவர் மாணவர் ஆலோசகர். நீ போனபின் அந்தப் பொறுப்பை எடுக்க ஒருவரும் முன்வராததால், பொருளியல் படிப்பித்துக்கொண்டு சிவனே என்று இருந்த என் தலையில் கட்டிவிட்டார்கள்.

காட்ட வேண்டிய படங்களையும் அவர்களே அனுப்பியிருந்தார்கள். முதல் படத்தைத் திறந்தேன். தென்னை மரம், வெள்ளை மணல், அலை. கீழே ஒரு வரி: கண்களை மூடுங்கள், நீங்கள் ஒரு கடற்கரையில் இருக்கிறீர்கள். அறையில் தனியாக இருந்து சத்தமாகச் சிரித்தேன். அந்தச் சிரிப்பைப் பங்குபோட இந்த வளாகத்தில் இப்போது யாருமில்லை.

கொரோனாக் காலத்தில் ஒருத்திக்குத் தொற்று என்று விடுதி வாசலைப் பூட்டினார்களே, அந்த நாட்களில் கொழும்பிலிருந்து ஒருவர் இணையவழியில் வந்து இதே கடற்கரைக்குத்தான் பிள்ளைகளைக் கூட்டிப்போனார். "அலைச் சத்தம் கேட்கிறதா?" என்று மெல்லிய குரலில் கேட்டார். றிஸ்னா மைக்கைத் திறந்தாள். நிலாவெளிப் பிள்ளை, கரைவலை இழுக்கிறவரின் மகள்.

"சேர், கடல் எங்கட ஜன்னலுக்கு வெளியால தெரியுது. வலை இழுக்க ஆக்கள் ஒண்டு சேர ஏலாதெண்டு எங்கட வாப்பா வீட்ட இருக்கிறார். நான் பஸ்ஸில ஏறினா வீடு, ஏற ஏலாம இங்க இருக்கிறன். இதில நான் ஏன் சேர் கண்ணை மூடி கடல் பாக்கவேணும்?"

பீடாதிபதி உனக்குத் தொலைபேசியில் சத்தம் போட்டார், அந்தப் பிள்ளையை மன்னிப்புக் கேட்கச் சொல்லும்படி. நீ "ஓம் சேர், ஓம் சேர்" என்று வைத்துவிட்டு, முகக்கவசம் நழுவி விழும்வரை சிரித்தாய். பிறகு அலுவலகத்திலிருந்த பிளாஸ்டிக் கதிரை ஒன்றைத் தூக்கிக்கொண்டு நடந்தாய். எங்கே போகிறாய் என்று கேட்டுக்கொண்டு நான் பின்னால் ஓடி வந்தேன். விடுதியின் மேல்மாடிக்கு எதிரே, வேம்படியில் கதிரையைப் போட்டு இருந்துகொண்டு, மேலே பார்த்துச் சொன்னாய்:

"பிள்ளையள், நான் ஒவ்வொரு பின்னேரமும் இங்க இருப்பன். ஏச விருப்பமான ஆக்கள் ஏசலாம். ஆரை வேணுமெண்டாலும் ஏசலாம். நான் மறுமொழி சொல்லமாட்டன். ஒருத்தரிட்டயும் கொண்டுபோய்ச் சொல்லவும்மாட்டன்."

"இதென்னடி, கம்பஸா மீன் சந்தையா?" என்றேன்.

"மீன் சந்தையில ஆராவது மன அழுத்தம் எண்டு படுத்துக் கிடக்கிறதைப் பாத்திருக்கிறியா?" என்றாய்.

உன்னோடு கதைத்து வெல்ல முடியாது. பிள்ளைகள் முதலில் வெட்கப்பட்டார்கள், பிறகு வரிசை கட்டினார்கள். மூன்று வேளையும் பருப்பை ஏசினார்கள். கழிப்பறை ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டினால்தான் கிடைக்கிற சிக்னலை ஏசினார்கள். நீ தலையை ஆட்டி, "ஓம். பிறகு?" என்பாய். வேறு ஒரு சொல் இல்லை. கமெராவைப் போட்டுக்கொண்டு சோதனை எழுதச் சொன்ன பொருளியல் மிஸ்ஸையும் ஒருத்தி விளாசித் தள்ளினாள். நான் வேம்புக்குப் பின்னால் நிற்பது உனக்குத் தெரியும். தெரிந்துகொண்டுதான், மற்றவர்களைவிட அவளிடம் கூடுதலாக "பிறகு? பிறகு?" என்று கேட்டாய். அதை நான் இன்னும் மறக்கவில்லை.

றிஸ்னா மட்டும் வாய் திறக்கவில்லை. பின்னேரமானால் வந்து கம்பியைப் பிடித்துக்கொண்டு நிற்பாள், போய்விடுவாள். சாப்பிடுகிறாளில்லை, பையைக் கட்டி வைத்திருக்கிறாள், வாசல் திறந்தால் படிப்பை விட்டுவிட்டுப் போகப்போவதாகச் சொல்கிறாள் என்று விடுதி வோர்டன் சொன்னார். எனக்குப் பொறுக்கவில்லை. கூப்பிட்டு நாலு வார்த்தை புத்தி சொல்லேன் என்று உன்னோடு சண்டை பிடித்தேன்.

"புத்தி சொல்ல எல்லாரும் நிக்கினம். நான் இருந்து கேக்கிறன், விடு" என்றாய்.

ஒரு பின்னேரம் அவள் தொடங்கினாள். தன் வாப்பாவைத்தான் ஏசினாள். "படி படியெண்டு என்னை இங்க கொண்டுவந்து விட்டுட்டு, உம்மா காய்ச்சலில கிடக்கிறதை ஒளிச்சிட்டார் மிஸ்! பக்கத்து வீட்டு ஆக்கள் சொல்லித்தான் எனக்குத் தெரியும்! நான் என்ன வெளி ஆளா?" வேம்பிலிருந்த காகமெல்லாம் பறந்துபோகும் அளவுக்குக் கத்தினாள். நீ அசையவில்லை. அவள் மூச்சு வாங்கி நின்றபோது, வழக்கமான குரலில், "ஓம். பிறகு?" என்றாய்.

"பிறகு ஒண்டுமில்ல மிஸ். பசிக்குது" என்றாள்.

வோர்டன் தட்டோடு மேலே ஓடினார். உம்மாவும் தப்பிவிட்டார். அந்தப் பிள்ளை படிப்பை முடித்து, இப்போது தோப்பூரில் ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பிக்கிறாள். உன் மரணவீட்டில் என்னைக் கட்டிப்பிடித்துக்கொண்டு நின்றவள் அவள்தான்.

ஆனால் நீ? நான் உன்னிடம் கேட்க நினைப்பது இதைத்தான். ஏச்சு நேரம் முடிந்து வாசல்வரை நடக்கும்போது நெற்றியை அழுத்திக்கொண்டு வருவாய். "நீயும் ஏசன்டி, நான் கேக்கிறன்" என்று எத்தனை தரம் சொன்னேன்? "எனக்கென்ன, நான் நல்லாத்தானே இருக்கிறன்" என்பாய். பிரஷருக்குத் தந்த குளிசைப் பெட்டி கைப்பைக்குள் உடைக்காமல் கிடந்தது. கிளினிக்குக்குப் போ என்றால், பிள்ளைகளின் பிரச்சினை முடியட்டும் என்றாய். முடிந்தது. வாசல் திறந்தது, கன்ரீனில் பழையபடி இரைச்சல் வந்தது. நீ பிரஷர் ஏறி வீட்டில் விழுந்தாய். ஆஸ்பத்திரிக் கட்டிலில் ஒரு சொல் பேச முடியாமல் என்னைப் பார்த்துக்கொண்டு கிடந்தாய். அப்போது எனக்கு அழுகையைவிட ஆத்திரம்தான் வந்தது. இன்றும் அது ஆறவில்லை.

இன்று பின்னேரம் நான் அந்தக் கடற்கரைப் படத்தைக் காட்டவில்லை. கதிரையைத் தூக்கிக்கொண்டு வேம்படிக்குப் போனேன். உன் விதிகளைச் சொன்னேன், கீழே இருக்கிறவர் "ஓம். பிறகு?" என்று மட்டும்தான் கேட்பார் என்றும் சொன்னேன். பிள்ளைகள் மேல்மாடியில் வந்து நின்றார்கள். வீங்கிய விரல்களால் கம்பியைப் பிடித்துக்கொண்டு, மிஸ்ஸுக்குக் காய்ச்சல் தலைக்கு ஏறிவிட்டது என்பதுபோல் பார்த்தார்கள். என்னை நுளம்பு வேறு பிடுங்கியது. போகட்டும், முதலில் நானே ஏசிக் காட்டுகிறேன் என்று எழுந்து தொடங்கினேன்.

"எனக்கொரு சிநேகிதி இருந்தவ. இந்தக் கதிரையில இருந்து ஊரிலுள்ள ஏச்செல்லாம் கேட்டவ. தன்ர தலையிடியை மட்டும் ஒருத்தருக்கும் சொல்லேல்ல. நான் பக்கத்தில நடந்து வந்தனான், எனக்கும் சொல்லேல்ல. குளிசை போடேல்ல. நான் என்ன வெளி ஆளா?"

குரல் எவ்வளவு உயர்ந்ததென்று எனக்கே தெரியாது. வாசலில் நின்ற காவலாளி ஓடிவந்து பார்த்தார். எனக்கு மூச்சு வாங்கியது. அப்போது மேலேயிருந்து, உன் முகத்தையே கண்டிராத முதலாம் வருடப் பிள்ளை ஒன்று மெதுவாகக் கேட்டது:

"ஓம் மிஸ். பிறகு?"

கதிரையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்: "பிறகு அவ இல்லை, பிள்ளை."

மேல்மாடி மூலையிலிருந்து ஒரு குரல், "மிஸ், இந்தப் பருப்பு இருக்குதல்லோ..." என்று தொடங்கியது. நான் கண்ணைத் துடைத்துக்கொண்டு கதிரையில் இருந்தேன்.

இருட்டியபின் கதிரையை அலுவலகத்தில் கொண்டுபோய் வைக்கவில்லை, வேம்படியிலேயே விட்டுவிட்டு வந்தேன். நாளைப் பின்னேரமும் நான் போக வேண்டும். இதையும் என் தலையில் கட்டிவிட்டுப் போனாயே, அதற்கான ஏச்சு இன்னும் மிச்சம் இருக்கிறதடி.