தலையில் கவிழ்த்த கூடை

என் மகளே,

லிஸ்பனுக்கு வந்து உன்னோடு இருக்கச் சொல்கிறாய். டாக்டர் சொன்னது எனக்கும் காதில் விழுந்தது. அதை விடு.

இன்று நம் கடற்கரை மணலில் புதுத் திராட்சைக் கொடிக்குக் குழி தோண்டினேன். அடியிலுள்ள களிமண்ணை எட்டினால்தான் வேர் பிடிக்கும். மணல் சரிந்தாலும் மூச்சு விடலாமென்று தலையில் கூடையைக் கவிழ்த்திருந்தேன்.

நம் நிலத்தை விலைக்குக் கேட்டு நடக்கும் மனைத் தரகர் வல்டெமார் மேலிருந்து எட்டிப் பார்த்தார். "என்னம்மா, யாருக்குக் குழி?"

"கொடிக்குத்தான். உங்களுக்கும் வேணும்னா பக்கத்துலயே ஒண்ணு தோண்டித் தரேன்."

"இது காய்ச்சு, ஒயினோட துவர்ப்பு அடங்கப் பதினஞ்சு வருஷமாகும். யாரு குடிக்கப்போறா?"

"நான்தான்."

வந்த வழியே திரும்பிப் போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை வா. என்னைக் கூட்டிப்போக வராதே, தோண்ட வா. அப்பாவின் கூடை சும்மாதான் கிடக்கிறது.

குழிக்குள்ளிருந்து ஏறி வந்த,
உன் அம்மா