ஒன்றில் இருக்க வேண்டிய காற்று

ஜனவரி 6, பாகாலா

என் வீட்டுக்காரர் கோவர்த்தனனுக்குச் சளி மஞ்சளாகிவிட்டது. சித்தூர் டாக்டர் முன்பே சொல்லி வைத்தபடி மாத்திரையை ஆரம்பித்தேன். மூச்சு மருந்துப் பம்ப்பை இழுத்து மூச்சை அடக்கச் சொன்னால், அதற்குள் இருமிவிடுகிறார். இந்த எம்பசிமா என்கிற நுரையீரல் நோய் வந்ததிலிருந்து ஆக்சிஜன் மிஷினின் அளவு ஒன்றில்தான் இருக்கணும்.

ஜனவரி 8

சண்டை. வெல்ல அடுப்பில் கரும்புச் சக்கை தள்ளியே நுரையீரலைத் தொலைத்த மனுஷன், எனக்கு அடுப்புப் பாடம் எடுக்கிறார். "நெருப்பு மங்கினா காத்த கூட்டணும்டி. ஒண்ணுல வச்சா இன்னாத்துக்கு ஆவும்?" கூட்டக்கூடாது என்று டாக்டர் சொன்னார். ஏன் என்று நான் கேட்டு வரவில்லை. பதில் தெரியாததால் கத்தினேன்.

ஜனவரி 9

நன்றாகத் தூங்கினார். அப்பாடா.

ஜனவரி 10

இன்னும் தூக்கம். கஞ்சியை வாயில் வைத்தபடியே கண் சொருகியது. பக்கத்து வீட்டுச் செல்லியம்மா, "தூங்கவுடு, எத்தினி நாளு தூக்கம் அது" என்றாள். நல்லதுதானே? ஆனால் எழுப்பினால் உளறுகிறார். அவர் கை தானாக உதறுகிறது. மகன் யஸ்வந்துக்குப் போன் போட்டேன்.

ஜனவரி 11, திருப்பதி

ஆஸ்பத்திரி வராண்டா. யஸ்வந்த் வீட்டுக்குள் வந்ததும் மிஷினைத்தான் பார்த்தான். "அம்மா, யாரு இத அஞ்சுல வச்சது?" நான் தொடவில்லை. அவர்தான். கைக்கெட்டும் இடத்தில் வைத்தவள் நான்.

இங்கே டாக்டர் சொன்னார்: "இவருக்கு ஆக்சிஜன் ஜாஸ்தியானா கெட்ட காத்து உள்ளயே தங்கிடும்மா. அது தூக்கமில்ல, மயக்கம்."

மயக்கத்தைப் பார்த்து அப்பாடா என்றிருக்கிறேன். முகத்தை இறுக்கி மாஸ்க் போட்டிருக்கிறார்கள். இன்னா பண்ணுவேன் நானு? யாராண்ட போய் கேப்பேன்?

ஜனவரி 12

கண் திறக்கவில்லை.

ஜனவரி 13

என்னைப் பார்த்தார். நான் யார் என்று தெரிந்த பார்வை.

ஜனவரி 24, வீடு

மிஷின் இப்போது அவருக்கு எட்டாத மூலையில். மத்தியானம் சாப்பிட்டு அசந்துவிட்டார். எனக்குப் பொறுக்கவில்லை, தோளைப் பிடித்து உலுக்கினேன்.

"உயிரோடதான் கீறேன். துன்னுட்டு மனுசன் செத்த நேரம் கண்ண மூடக்கூடாதா? எழுப்பிக்கினே இருக்கிறியே, உனக்கு வேற வேலையே இல்லியா?"

நடுவில் ஒரே ஒரு இடத்தில்தான் மூச்சுக்கு நின்றார். பிறகு மிச்சத்தையும் திட்டி முடித்தார்.