கேரேஜ் கதவின் நிறம்

முன்னாள் தோழியே,

என் கணவரை நீ கட்டிக்கொண்ட பிறகு எழுதும் முதல் கடிதம் இது. பயப்படாதே, அவரைத் திருப்பிக் கேட்கவில்லை.

உன் மகள் லின்னேயா இப்போது என் ஓவிய வகுப்பில் இருக்கிறாள். இரண்டாம் வகுப்புக்கு அரூப ஓவியம் சொல்லித்தருகிறேன். நான் மாடு வரைந்தால் சோபா மாதிரி இருக்கும், அதனால் எனக்கு வசதியான பாடம். “பொருள் எதையும் வரையாம, வீட்டுல கேக்குற ஒரு சத்தத்தை நிறத்துல காட்டுங்க” என்றேன். மற்ற பிள்ளைகள் நாய் குரைப்பது, பாப்கார்ன் பொரிவது என்று வானவில்லைக் குழப்பினார்கள். உன் மகள் தாள் முழுக்கக் கறுப்பை அப்பி, மூலையில் ஒரு மஞ்சள் புள்ளி வைத்திருந்தாள்.

“என்ன சத்தம்டா இது?”

“அப்பா வர்றப்ப கேரேஜ் கதவு திறக்கும்ல மிஸ், அது.”

“மஞ்சள்?”

“நானும் அம்மாவும். அம்மா டக்குனு டிவியை அணைச்சிட்டு, பேசாதேன்னு சொல்வாங்க.”

பதினோரு வருடம் அந்த டிவியை அணைத்தவள் நான். நீ அவரைக் கட்டிக்கொண்டபோது உன்னிடம் சொல்லவில்லை. சொன்னால் பொறாமை என்பாய். நீயும் படட்டும் என்றும் இருந்தது. அப்போது லின்னேயா பிறக்கவில்லை.

வியாழக்கிழமை பெற்றோர் வருகிறார்கள். படங்களின் கீழே பிள்ளைகளே தலைப்பு எழுதியிருக்கிறார்கள்; லின்னேயா எழுதியது ‘அப்பா வர்ற சத்தம்’. அவருக்கு ஓவியம் புரியாது, தலைப்பு புரியும். அதனால் அவள் படத்தை மட்டும் சுவரில் மாட்டவில்லை.

மகளோடும் ஒரு பெட்டியோடும் வா. என் வீட்டில் டிவி அலறிக்கொண்டுதான் இருக்கும்.

இப்படிக்கு,
உனக்கு முன்பு அங்கே மூச்சடக்கி இருந்தவள்