மார்கழிப் பாசி

ஆலடிக்குளம்
11.12.2022

பாசமுள்ள அக்காவுக்கு,

கர்த்தரின் நாமத்தில் ஸ்தோத்திரம். நீ என் நம்பரைத் தடுத்துவைத்திருப்பதால் எழுதுகிறேன். நான் குத்தகைக்கு எடுத்த குளம் ஒரேயடியாகப் பச்சையாகிவிட்டது. பச்சைதான் மீனுக்குத் தீனி, வெளியே போய்விடக்கூடாது என்று மடையை அடைத்துப்போட்டேன். இப்போது விடியற்காலையில் மீனெல்லாம் மேலே வந்து வாயைப் பிளக்கிறது. மச்சினன் எட்சனிடம் பாட்டிலில் தண்ணீர் கொடுத்தனுப்புகிறேன். உன் பரிசோதனைக் கூடத்தில் பார்த்து அவனிடமே பதில் சொல்லிவிடு. கிறிஸ்துமஸுக்கு வலை போடாவிட்டால் நான் மறுபடி கத்தாருக்குத்தான் போகவேண்டும். பழசை மனதில் வைக்காதே அக்கா.

உன் தம்பி,
டெல்வின்

தூத்துக்குடி
13.12.2022

அன்புத் தம்பிக்கு,

நலம்தானே? எட்சனுக்கு வயிறாரச் சோறு போட்டு, பதில் தபாலில் வரும் என்று அனுப்பிவைத்தேன்.

தண்ணீரில் நைட்ரேட்டும் பாஸ்பேட்டும் ஏகத்துக்கு இருக்கின்றன. கும்பப்பூ நெல் வயல்களின் உரம் பழையாற்றுக் கால்வாய் வழியாகக் கொஞ்சம் வருகிறது. மீதியெல்லாம் மீன் தீனிக்கென்று நீ கொட்டும் கோழிக்கழிவு. மழை ஓய்ந்து வெயில் அடித்ததும் பாசி கொழுத்துவிட்டது. பகலில் அது ஆக்சிஜன் தரும், ராத்திரி அதுவே எடுத்துக்கொள்ளும். ஒரு நாள் மேகம் மூடினால் போதும், மறுநாள் விடியலில் மீன் மூச்சுமுட்டிச் சாகும். உடனே மடையைத் திற. பாதி மீனைப் பிடித்துவிடு.

ஆவணியில் குளத்துக் கூட்டத்தில் இதைச் சொல்லத்தான் எழுந்தேன். "கெட்டிக்குடுத்த வீட்டுல இருக்கத் தெரியாதவ, குளத்தப் பத்திப் பேச வந்துட்டாளா?" என்றாய். ஊரே சிரித்தது.

அக்கா,
ஜினிஷா

ஆலடிக்குளம்
20.12.2022

அக்கா,

உன் கடிதம் இன்றுதான் கிடைத்தது. சனிக்கிழமை முழுக்க மூட்டம். ஞாயிறு விடிந்தபோது குளம் முழுக்க மீன் வெள்ளையாக மிதந்தது. கோயிலுக்குப் போனவர்கள் மூக்கைப் பொத்திக்கொண்டு போனார்கள். நானும் எட்சனும் அள்ளிப் புதைத்தோம்.

நீ எழுதிய தேதி பதின்மூன்று. தபால் முத்திரை பதினேழு. "அக்கா சோறு போட்டாவ அத்தான், தண்ணியப் பத்தி ஒண்ணும் சொல்லல" என்கிறான் எட்சன். மடையைத் திற என்று அவனிடம் ஒரு வார்த்தை சொல்ல உனக்கு மனம் வரவில்லையா?

தை மாதம் கத்தாருக்குப் போகிறேன்.

டெல்வின்

தூத்துக்குடி
23.12.2022

டெல்வினுக்கு,

தபால்காரர் மேல் தவறில்லை. கடிதம் என் பையில்தான் இருந்தது. சனிக்கிழமை காலை வானம் இருண்டதைப் பார்த்துவிட்டுத்தான் பெட்டியில் போட்டேன். எனக்கு வருத்தமில்லை. நன்றாகத் தூங்குகிறேன்.

ஒன்று மட்டும் தெரியவேண்டும். அன்றைக்கு உன்னோடு சேர்ந்து சிரித்தவர்களில் ஒருவராவது குழி வெட்ட மண்வெட்டியோடு வந்தாரா?

ஜினிஷா