பாவாடை பேண்டின் மெய்யான வரலாறு

ஜூன் 3, செவ்வாய்

ரிட்டயராகி மூன்றாம் நாள். முப்பத்தோரு வருஷம் பிள்ளைகளுக்கு வரலாறு நடத்தியவளை இன்றைக்குத்தான் ஒருவர் வரலாறு எழுதச் சொல்லியிருக்கிறார். வேறு யார், என் வீட்டுக்காரர் பென்னிதான். மேலகரத்தில் பஞ்சர் கடை. சாயங்காலமானால் மேலகரம் ஸ்காட்டிஷ் பைப் பேண்டின் தலைவர். கட்டம் போட்ட கில்ட்டு, கக்கத்தில் பேக்பைப். ஊரில் ‘பாவாடை பேண்டு’ என்றால்தான் தெரியும். கில்ட்டுத் துணி ஏதோ ஒரு பள்ளிக்கூட யூனிபார்மில் மிஞ்சியது.

குற்றாலம் சீசன் விழாக் கமிட்டி இந்த வருஷம் ஒரு பைப் பேண்டைத்தான் கூப்பிடுமாம். எது பழசோ அது. ஆதாரத்தோடு வரலாறு கொடுக்கணும்.

“நம்மதான் பழசுன்னு எழுது ஜெஸி.”

“நம்மதானா?”

“நீ எழுதிட்டா நம்மதான்.”

போட்டிக்கு இருப்பது செங்கோட்டை பேண்டு. தலைவர் என் அண்ணன் பிரின்ஸ். என்னோடு பேசிப் பதினோரு வருஷம்.

ஜூன் 5

ஒரே பேண்டாகத்தான் இருந்தது. என் அப்பா ஏசுவடியான்தான் தலைவர். அப்பா அடக்கத்தன்று யார் முன்னால் போய் ஊதுவது என்று இவருக்கும் அண்ணனுக்கும் சண்டை. இவர் ஒரு பாட்டு, அண்ணன் ஒரு பாட்டு, இரண்டும் ஒரே நேரத்தில். எதன் பின்னால் போவது என்று தெரியாமல் வண்டிக்காரர் நடுரோட்டில் நிறுத்திவிட்டார். மூன்று மணி நேரம்! பாதிரியார் வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டுவிட்டு வந்தார். அன்றோடு டிரம் இங்கே, அப்பாவுடைய பைப் அங்கே.

ஜூன் 10

‘பைப் பேண்ட் தொடர்பான பழைய பதிவுகள்’ கேட்டு பேரூராட்சி ஆபீசுக்கு மனு போட்டிருந்தேன். இன்று இரண்டு பேர் கடப்பாரையோடு வந்து தெருவைத் தோண்டிவிட்டார்கள். “பைப் கம்ப்ளெயிண்ட் நீங்கதானம்மா?” நான் விளக்கி முடிப்பதற்குள் வாசலில் தண்ணீர் பீய்ச்சி அடித்தது. பக்கத்து வீட்டுச் சங்கரம்மாள் கையைப் பிடித்துக்கொண்டாள். “ஏழு மாசமா நாங்க சொல்லிக் கேக்கலையே டீச்சர்.”

வரலாற்றால் இதுவரை கிடைத்த பலன் இதுதான்.

ஜூன் 16

செங்கோட்டை போனேன். வேறு வழி? அப்பாவுடைய நோட்டு அங்கேதான் இருக்கிறது.

அண்ணன் நாற்காலியைச் சுவரைப் பார்த்துத் திருப்பிப் போட்டு உட்கார்ந்துகொண்டான். நான் கேட்பதற்கெல்லாம் மதினியிடம் பதில் சொன்னான். “பெர்சிஸ், வந்தவங்ககிட்ட சொல்லு, நோட்டு இல்ல.” “பெர்சிஸ், வந்தவங்க காப்பி குடிப்பாங்களான்னு கேளு.” மதினி பாவம், ஒரு தடவை எனக்குச் சொல்ல வேண்டியதை அவனிடமே சொல்லிவிட்டாள்.

கிளம்பும்போது நேந்திரங்காய் சிப்ஸ் பையைக் கையில் திணித்தாள். பஸ்ஸில் பிரித்தால் அடியில் நோட்டு.

ஜூன் 22, ஞாயிறு

ஆராதனைக்குக்கூடக் கோயிலுக்குப் போகவில்லை. ஒரே மூச்சில் படித்து முடித்தேன்.

இவர் 1958 என்கிறார். அண்ணன் 1956. இரண்டும் பொய்!

1959-இல் வல்லிநாயகம் என்பவர் மலைக்கு அந்தப் பக்கம் எஸ்டேட் துரை விட்டுப்போன ஆறு பேக்பைப்பை ஏலத்தில் எடுத்து வந்திருக்கிறார். எப்படி ஊதுவதென்று யாருக்கும் தெரியாது. இரண்டு வருஷம் அப்பாவையும் சேர்த்து ஆறு பேர் சும்மா கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, கன்னத்தை உப்பிக்கொண்டு நடந்திருக்கிறார்கள். பின்னால் தள்ளுவண்டியில் ஆர்மோனியம். ‘ஜனங்கள் நன்றாக இருக்கிறது என்றார்கள்’ என்று அப்பா எழுதியிருக்கிறார்.

1961 மே 14, பண்பொழியில் ஒரு மாப்பிள்ளை அழைப்பு. அப்பா கால் தடுக்கி, பேக்பைப்பின் காற்றுப் பை மேலேயே விழுந்தார். முதல் சத்தம். மாட்டுவண்டி மாடுகள் மிரண்டு மாப்பிள்ளையோடு வயலுக்குள் இறங்கிவிட்டன. கல்யாணம் மறுநாள்தான் நடந்தது.

ஆக, பேண்டு பிறந்தது அன்றைக்குத்தான். ஒரே பேண்டு. இதில் பழசு எது, புதுசு எது?

ஜூன் 24

சொன்னேன். இவர் சாப்பாட்டுத் தட்டை நகர்த்தி வைத்தார்.

“உங்கப்பா கீழ விழுந்ததையெல்லாமா எழுதுவே?”

“அதுதானே நடந்துச்சு?”

“நடந்ததை எழுதுததுக்கா உன்னைக் கேட்டேன்?”

ஜூன் 25

இவர் தானே காப்பி போட்டுக் குடித்துவிட்டுக் கடைக்குப் போனார்.

ஜூலை 1

நாலு பக்கம் முடிந்தது. அடக்கத்தையும் எழுதிவிட்டேன். ஆனால் ஒன்று பாக்கி. அன்றைக்கு நடுரோட்டில் நின்று, ஊரே கேட்க, அண்ணனைப் பார்த்து, ‘அப்பா செத்த அன்னைக்கே பைப்பைத் திருடிட்டான், திருட்டுப்பய’ன்னு கத்துனது யாரு? நான்தானே. அவன் ஊதுதத நிறுத்திட்டு என்னையே பாத்தான். இந்த டைரியில கூட அத எழுதாமத்தானே விட்டிருந்தேன்? — இப்போ அதுவும் நாலாம் பக்கத்தில் இருக்கிறது.

ஜூலை 2

கமிட்டியில் கொடுத்தாயிற்று.

ஜூலை 9

கமிட்டித் தலைவர் போன் பண்ணினார். வரலாறு பிரமாதமாம். அதனால் இரண்டு பேண்டும் ஊத வேண்டாமாம். மேடையில் நான் வரலாற்றை வாசிக்கணும். இரண்டு பேண்டும் டிரெஸ்ஸோடு இரண்டு பக்கமும் சும்மா நின்றால் போதுமாம்.

தட்டை நகர்த்தி வைத்த அன்றைக்குப் பிறகு இவர் முதன்முதலாகச் சிரித்தார். கோபத்தில்தான்.

ஜூலை 19, சனி

சாரல் விடவில்லை. இந்தப் பக்கம் ஒன்பது பாவாடை, அந்தப் பக்கம் பதினொன்று. நடுவில் குடைக்குக் கீழே நான். மாடு வயலில் இறங்கிய இடத்தில் கூட்டம் விசில் அடித்தது. நாலாம் பக்கம் வந்ததும் மைக்கைப் பக்கத்தில் இழுத்துக்கொண்டேன். ‘என் அண்ணன் திருடவில்லை. கத்தியது நான். தப்பு என்னுடையது.’ அதை மட்டும் இரண்டு தடவை வாசித்தேன்.

அண்ணன் பக்கம் திரும்பிப் பார்க்கத் தைரியம் வரவில்லை. இவர் வீட்டுக்கு வரும்வரை என் கையை விடவில்லை.

ஜூலை 21, திங்கள்

மத்தியானம் போன். புது நம்பர்.

“ஏட்டி, ரெண்டாம் பக்கத்துல தேதி தப்பு. மே பதினாலு இல்ல, பதினஞ்சு. அப்பா எங்கிட்டச் சொல்லிருக்காரு.”

அண்ணன்!

நோட்டு என் மடியில்தான் இருந்தது. அப்பா கையெழுத்தில், பதினாலு, ஞாயிற்றுக்கிழமை. ஒரு தேதி தப்பினாலும் பிள்ளைகளுக்கு மார்க்கைக் குறைத்தவள் நான்.

“தப்பாத்தாண்ணே எழுதிட்டேன்” என்றேன்.

“அப்படிச் சொல்லு. ஞாயித்துக்கிழமை நேர்ல வந்து திருத்தித் தாரேன். மதினியும் வாரா.”

ஆட்டுக்கறிக்குச் சொல்லி வைக்கணும்.