முத்துமாரி பணக்காரியான வாரம்

லக்ஷ்மிபாய் நகர், புதுதில்லி
ஞாயிறு, ஆராதனை முடிந்து வந்ததும்

அன்புள்ள அத்தானுக்கு,

டெல்பின் எழுதுவது. கர்த்தர் கிருபையால் இங்கே நான் நல்ல சுகம். மாற்றலாகிப் போயிருக்கும் போர்ட் பிளேர் காற்றில் உங்கள் இருமலும் குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். தினமும் போனில் பேசுகிறவள் எதற்குக் கடிதம் எழுதுகிறாள் என்று யோசிப்பீர்கள். போனில் சொன்னால் முதல் வரியிலேயே கத்துவீர்கள். கடிதமென்றால் கடைசிவரை வாசித்துவிட்டுத்தான் கத்த முடியும், அதுவும் எனக்குக் கேட்காது. அதனால் உட்கார்ந்து வாசியுங்கள்.

நம் குவார்ட்டர்ஸில் தரை மாற்ற ஆட்கள் வந்துவிட்டார்கள். சாமானைக் காலி செய்தால்தான் வேலை என்று ஒரே பிடிவாதம். அக்கம்பக்கத்து வீடுகளிலும் இதே கூத்து, யார் வீட்டில் கொண்டு வைப்பது? நம் வீட்டு வேலைக்கு வரும் முத்துமாரிதான், "எங்க ஊட்ல போட்டு வைங்கக்கா, நான் பாத்துக்கறேன்" என்றாள். ஃபிரிட்ஜ், பெரிய டிவி, சோபா எல்லாவற்றையும் அவள் புருஷன் தன் பேட்டரி ரிக்ஷாவில் நடை நடையாகக் கொண்டு போனான். நம் சமையலறையும் பாத்ரூமும் சேர்ந்த அளவுதான் அவர்கள் அறை. நம் சாமான் உள்ளே போனதும் அவன் வெளியே வந்துவிட்டான். இப்போது ரிக்ஷாவிலேயே படுக்கிறான், பாவம்.

நீங்கள் கிளம்பும் முன் அவர்கள் மகள் தர்ஷினிக்கு கம்ப்யூட்டரில் மனு போட்டீர்களே, தனியார் பள்ளிகளில் ஏழைப் பிள்ளைகளுக்கென்று சர்க்கார் ஒதுக்கும் இடத்துக்கு? குலுக்கலில் அவள் பெயர் விழுந்துவிட்டது! அதுவும் அந்தப் பெரிய பள்ளிக்கூடத்தில். பஸ் அங்கே நிற்கும்போது நீங்களும் நானும் பேச்சை நிறுத்திவிடுவோமே, அதேதான். முத்துமாரிக்குத் தலைகால் புரியவில்லை. ஐ.என்.ஏ. மார்க்கெட்டுக்கு ஓடி மைசூர்பாகு வாங்கிவந்து, தரை போடுகிறவர்களுக்குக்கூடக் கொடுத்தாள்.

அந்தச் சந்தோஷம் செவ்வாய்க்கிழமை வரைக்கும்தான். அன்று நான் ஆஸ்பத்திரி டியூட்டிக்குக் கிளம்பும்போது அழுதுகொண்டே ஓடி வந்தாள். "எக்கா, நாங்க பணக்காரங்க ஆயிட்டோம்க்கா!" என்றாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பள்ளியிலிருந்து இரண்டு பேர் வந்து வீட்டைப் பார்த்தார்களாம். ஃபிரிட்ஜைப் போட்டோ எடுத்தார்கள், டிவியைப் போட்டோ எடுத்தார்கள், சோபாவில் உட்கார்ந்தும் பார்த்தார்கள். பிறகு, நீங்கள் வசதியானவர்கள், இடம் கிடையாது என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார்கள்.

நான் யூனிஃபார்மோடேயே அந்தப் பள்ளிக்குப் போனேன். அதெல்லாம் என் சாமான் என்றேன். அங்கே இருந்த மேடம், எல்லாரும் இப்படித்தான் சொல்கிறார்கள் என்றாள். இதுதான் ஏழை வீடு என்றால் என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள், என் வீட்டு டிவி இதைவிடச் சின்னது என்று சிரித்தாள். எனக்கு வந்ததே கோபம்! வார்டில் பெரிய டாக்டரையே வாயடைக்க வைக்கிற நர்ஸ் நான், அவளிடம் தோற்றுத் திரும்பினேன். நம் சோபா அந்தப் பிள்ளையின் படிப்பின் மேல் ஏறி உட்கார்ந்திருக்கிறதே என்று வழியெல்லாம் புலம்பிக்கொண்டே வந்தேன்.

நான் சர்க்காரைத் திட்டும்போதெல்லாம், தட்டினால் திறக்கும் டெல்பின் என்பீர்கள். சரி, கல்வி அலுவலகத்தில் தட்டினேன். சாப்பாட்டு நேரம் என்றார்கள். மறுபடி தட்டினேன். சார் மீட்டிங்கில் என்றார்கள். மறுநாள் போய் வாசலிலேயே உட்கார்ந்து, வந்தவர் போனவருக்கெல்லாம் சத்தமாக உடம்பு விசாரிக்க ஆரம்பித்தேன். தொல்லை தாங்காமல் திறந்துவிட்டது. தலை நரைத்த ஓர் அதிகாரி, கண்ணால் பார்க்காமல் எழுதமாட்டேன் என்று என்னோடேயே கிளம்பிவிட்டார்.

வெயிலில் சந்துக்குள் நடந்ததில் மனிதருக்கு மூச்சு வாங்கியது. நம் சோபாவில் உட்கார்ந்து தண்ணீர் கேட்டார். முத்துமாரி குடத்திலிருந்து மொண்டு கொடுத்தாள். அவருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. இவ்வளவு பெரிய ஃபிரிட்ஜ் இருக்க, குடத்துத் தண்ணீரா? எழுந்து போய்க் கதவைத் திறந்தார்.

மேல் தட்டில் ரேஷன் அரிசி. நடுத்தட்டில் வெங்காயமும் சாமி படமும். கீழே தர்ஷினியின் துணிகள், பள்ளிக்கென்று வாங்கிய புது ஃப்ராக் எல்லாவற்றுக்கும் மேலே. வயர் பின்னால் சுருட்டியபடியே கிடந்தது, அந்த வீட்டின் ஒரே பிளக்கில் ஃபேன் ஓடுகிறது. நானே அப்போதுதான் பார்க்கிறேன் அத்தான். அவர் திகைத்து நிற்க, அந்தக் குட்டி அவர் பேண்டைப் பிடித்து இழுத்து, "அங்கிள், ஜல்தி பந்த் கரோ, சூஹா ஆ ஜாயேகா" என்றாள். சீக்கிரம் மூடுங்கள், எலி வந்துவிடும் என்று! போன தீபாவளிச் சட்டையை எலி கடித்துவிட்டதாம்.

அவர் மெதுவாக மூடினார். நன்றாக மூடியிருக்கிறதா என்று ஒருமுறை தள்ளியும் பார்த்தார். ஓடாத ஃபிரிட்ஜ் வெறும் பெட்டிதான் என்று சொல்லி, நம் சோபாவிலேயே உட்கார்ந்து உத்தரவு எழுதினார். பள்ளி வாயை மூடிக்கொண்டு இடம் கொடுத்துவிட்டது. அவருக்கு மூச்சு வாங்கியதைப் பார்த்து, சாப்பாட்டில் உப்பைக் குறைக்கச் சொன்னேன். அவர் எனக்கு ஒரு புத்தி சொன்னார். மறுபடியும் யாராவது பார்க்க வரலாம், அப்போது ஓடுகிற ஃபிரிட்ஜ் இருந்தால் தன்னால் ஒன்றும் செய்ய முடியாது என்றார்.

நேற்று தரை முடிந்தது. சோபாவும் டிவியும் வீட்டுக்கு வந்துவிட்டன. ஃபிரிட்ஜைத் தூக்கப் போனபோது தர்ஷினி துணிகளை எல்லாம் எடுத்து மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். அழுதிருந்தால் சமாளித்திருப்பேன். "இனிமே என் ஃப்ராக்கை எலி தின்னுமா ஆண்டி?" என்றுதான் கேட்டாள்.

ஃபிரிட்ஜ் அங்கேயே இருக்கட்டும் என்று சொல்லிவிட்டேன். ஆனால் ஓடுகிற ஃபிரிட்ஜைக் கொடுத்தால் அவர்கள் மறுபடியும் பணக்காரர்கள் ஆகிவிடுவார்களே? அதனால் மெக்கானிக்கைக் கூப்பிட்டு மோட்டாரைக் கழற்றச் சொன்னேன். நன்றாகத்தானே ஓடுகிறது மேடம், என்ன பிரச்சினை என்றான். ஓடுவதுதான் பிரச்சினை என்றேன். என்னை ஒரு மாதிரி பார்த்துக்கொண்டே கழற்றினான். மோட்டார் நம் கட்டிலுக்கடியில் பத்திரமாக இருக்கிறது. ஏழை வீட்டிலும் குளிர்ந்த தண்ணீர் குடிக்கலாம் என்று உங்கள் சர்க்கார் என்றைக்கு ஒத்துக்கொள்கிறதோ, அன்றைக்கு மாட்டிக் கொடுப்போம். ஐஸ் தண்ணீர் இல்லாமல் உங்கள் இருமலும் நிற்கும்.

கத்துவதானால் இப்போது கத்திவிடுங்கள். கத்தி முடித்ததும் கடைக்குப் போய், லீவில் வரும்போது ஒரு பள்ளிக்கூடப் பை வாங்கி வாருங்கள். ஐந்து வயதுப் பிள்ளைக்கு எந்த அளவு என்று எனக்குத் தெரியாது. உங்களுக்கும் தெரியாது. நமக்குத் தெரிய வேண்டிய அவசியமே வரவில்லையே, அத்தான். கடைக்காரரிடம் கேளுங்கள். யாருக்கு என்று கேட்டால், எங்கள் வீட்டுப் பிள்ளைக்கு என்று சொல்லுங்கள்.

கர்த்தர் உங்களைப் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்க்கட்டும்.

உங்கள்,
டெல்பின்